மூடி போட்ட டம்ளர்

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் டம்ளரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மார்பில் குத்தியிருந்த பட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அதைத் தங்க வருகிறவர்களும் படித்ததில்லை, கூட வேலை பார்ப்பவர்களும் படித்ததில்லை. பட்டப்பெயர் வைத்தவள் மூன்றாவது மாடியில் அவளோடு ஜோடியாக அறை துடைக்கும் பாட்டுக்காரி. வேலை நேரம் முழுக்க வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள், அதனால் அவளுக்கு அந்தப் பெயர்.

ஆள் கிளம்பிப் போன ஓட்டல் அறை எப்படி இருக்கும் என்பது அதைச் சுத்தம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். தலையணை மேல் ஈரத்துண்டு கிடக்கும். சாசரில் வெட்டிப் போட்ட நகம் கிடக்கும். கண்ணாடியில் பற்பசைத் துப்பல், தண்ணீர் போகும் வழியில் உருண்டு திரண்ட முடி. கண்ணாடி டம்ளருக்குள் சிலர் பல்செட்டை ஊறப் போட்டிருப்பார்கள், சிலர் சிகரெட்டை அணைத்திருப்பார்கள். டம்ளரக்காவுக்கு இதிலெல்லாம் அருவருப்பே கிடையாது. மனுஷன் என்றால் அழுக்கு இருக்கும், அதைக் கழுவத்தானே நம்மை வைத்திருக்கிறார்கள் என்பாள். கையுறை மாட்டிக்கொண்டு கழிப்பறைக் குழிக்குள் கையை விட்டுத் தேய்ப்பாள், முகம் சுளிக்க மாட்டாள்.

அவளுக்குக் குமட்டியது வேறொன்று. அதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பார்த்துவிட்டாள்.

பாட்டுக்காரி தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையில் கிடந்த பெரிய துண்டை எடுத்தாள். ஈரமில்லாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்தாள். கழிப்பறை மூடியில் தெறித்திருந்ததைத் துடைத்தாள், கை கழுவும் தொட்டியைத் துடைத்தாள், அதே வேகத்தில் டம்ளரை எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அடிக்கிற நீல மருந்தை ஒரு பீச்சு பீச்சி, துண்டை உள்ளே திணித்து ஒரு திருகு திருகினாள். டம்ளர் வைரம் மாதிரி மின்னியது. மேலே ஒரு காகித மூடி. அதில் தங்க எழுத்தில், ‘உங்களுக்காகவே தூய்மை செய்யப்பட்டது.’

“கழுவ வேணாமா?” என்று கேட்டாள் இவள்.

“எங்க கழுவறது? டம்ளர் கழுவுற மெஷின் மண்டையப் போட்டு வருஷக்கணக்காச்சு. கையால ஒவ்வொண்ணா கழுவிட்டு நின்னா, உனக்குக் குடுத்த ரூம்ல பாதிகூட முடியாது. அப்புறம் கீழ புன்னகை சார் கூப்பிட்டு சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்குத் திட்டே தேவல.”

“இதுல யாராவது தண்ணி குடிப்பாங்களே.”

“குடிக்கட்டுமே. யாரு பாக்கப் போறாங்க? அதான் மூடி போட்டாச்சுல்ல.”

மறுநாளே இவள் பையில் ஒரு சோப்புத் தண்ணீர் பாட்டிலும் புது பஞ்சும் கொண்டுவந்தாள். மாடியின் கோடியில், செத்துப்போன இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. தன் அறைகளின் டம்ளர்களையெல்லாம் அங்கே சுமந்து போய்க் கழுவினாள். கடைசியில் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் மூடி போட்டாள். சாப்பாட்டு நேரம் அதில் போயிற்று. நின்ற வாக்கில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு போன பிறகு கடைசி ஆளாக வெளியே வருவாள். “டம்ளர் ஊர்வலம் கிளம்பிடுச்சு டோய்” என்று நடைபாதையில் கேலி எழும். அந்தக் கேலியில் கோபம் இருந்ததை அவள் வெகு நாள் கவனிக்கவில்லை.

மோந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு அண்ணியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அம்மா போனபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்த அண்ணி, வந்த கையோடு ஒரு நாத்தனாரையும் வளர்க்க வேண்டியதாயிற்று. அண்ணி அதைத் தியாகமாகச் சொல்லிக்காட்டியதில்லை. “ஒனக்குத் தலை வாரி விட்டே என் முடி கொட்டிப்போச்சுடி” என்பதோடு சரி. யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அண்ணி முதலில் டம்ளரை மோந்து பார்ப்பாள். வந்தவர் எதிரிலேயே பார்ப்பாள். “என்ன, விஷமா வச்சிருக்க?” என்று அண்ணன் பல்லைக் கடிப்பார். “வாசனை அடிச்சா நமக்குத்தானே அசிங்கம்” என்பாள் அண்ணி.

ஓட்டலில் நடப்பதை இவள் வீட்டில் மூச்சு விட்டதில்லை. நாலு மாடி ஏறிப் போகிற, குளியலறையைப் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்கிற வீடு. கணவர் வயரிங் வேலை பார்ப்பவர். அவருக்கும் மகளுக்கும் ‘பெரிய ஓட்டல்ல வேலை’ என்பது ஒரு மதிப்பு. இவளுக்கும்தான். “எங்க ஓட்டல்ல டம்ளருக்குக்கூட மூடி போட்டுத்தான் வைப்போம்” என்று ஒருமுறை போனில் சொல்லிவிட்டாள். அண்ணி அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, மூடி போடுவது உண்மைதானே.

புன்னகை சார் அறைப் பராமரிப்புக்கு மேலாளர். துணி துவைக்கிற நிலவறையில் காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, நிறுவனத்தின் மதிப்புகளை ஒப்பிக்கச் சொல்வார். தூய்மை, நேர்மை, விருந்தினர் நம் உறவு, நாம் ஒரே குடும்பம். பின்னால் அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருக்கும், அதன் புழுங்கல் நாற்றத்துக்கு நடுவில் நாற்பது வாய்கள் தூய்மை, தூய்மை என்று சொல்லும். டம்ளரக்காவும் சொல்வாள். சொல்லும்போது நாக்கில் நீல மருந்து தெளித்த மாதிரி ஒரு கசப்பு வரும், விழுங்கிக்கொள்வாள்.

இப்படியே ஓடியிருக்கும். அண்ணிக்கு ரத்தத்தில் நோய் வந்தது.

அந்த வைத்தியத்துக்கு இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். மருந்து ஏற்றினால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடியோடு போய்விடும், சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும், சுத்தமான இடத்தில் தங்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் போனில் இதைச் சொல்லிவிட்டு, குரலைத் தேற்றிக்கொண்டு, “உன் வீட்டு மாடி ஏற அவளால ஆகாது. ஆனா நமக்கென்ன கவலை? நீ இருக்கற எடத்தவிட சுத்தமான எடம் எங்க இருக்கு? ஒரு ரூம் மட்டும் பேசி வை” என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணா, வேண்டாம் என்று ஒரு வார்த்தை. இத்தனை வருஷப் பெருமையை எந்த முகத்தோடு திரும்பப் பெறுவது? சரிண்ணா என்றாள்.

ஊழியர் குடும்பத்துக்குச் சலுகையில் அறை கொடுக்கும் உரிமை புன்னகை சார் கையில் இருந்தது. அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

“தாராளமா வரட்டும். உங்க அண்ணின்னா எங்களுக்கும் அண்ணிதானே. நாம எல்லாம் ஒரே குடும்பம்.” பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்களும் குடும்பத்தோட ஒத்துப் போகணும் இல்லையா? அந்த டம்ளர் சமாச்சாரம்… மத்தவங்க மனசு கஷ்டப்படுது. நீங்க ஒருத்தர் கழுவறதால, அவங்க கழுவலைன்னு ஆகுது பாருங்க.”

அப்படியொரு கோணத்தை அவள் யோசித்ததே இல்லை. கழுவாதது குற்றமில்லையாம், கழுவுவதுதான் குற்றமாம். அவர் அதைச் சிரித்த முகத்தோடு, அக்கறையாகவே சொன்னார்.

“அண்ணி ரூமை மூணாவது மாடியில போட்டுக் குடுங்க சார். நானே பாத்துக்கறேன்.”

“அது மட்டும் முடியாது. சொந்தக்காரங்க ரூமை சொந்தக்காரங்க செய்யக் கூடாது, ரூல்ஸ். ஆறாவது மாடி தர்றேன், காத்தோட்டமா இருக்கும். அப்ப டம்ளர் விஷயம்…?”

அவள் தலையாட்டினாள்.

அண்ணியும் அண்ணனும் வந்து இறங்கிய அன்றைக்கு, சோப்பு பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். முதல் அறையில் தரைத்துண்டைக் கையில் எடுத்தாள். யாரோ உடம்பு துவட்டியது. அதில் முடி ஒட்டியிருந்தது, சோப்பும் வியர்வையும் கலந்த வாடை இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. டம்ளருக்குள் திணித்துத் திருகினாள். மின்னியது. அவள் எத்தனை தேய்த்தும் இந்த மினுமினுப்பு வந்ததில்லை, அதுதான் கொடுமை. மோந்து பார்க்காமல் மூடி போட்டாள்.

வாசலில் வண்டியோடு நின்று பாட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, நீயுமா?”

“இன்னிக்கு சீக்கிரம் போகணும்.”

“நல்லதுதான்” என்றாள் பாட்டுக்காரி. ஆனால் அன்று முழுக்க அவள் பாடவில்லை.

ஆறாவது மாடி அறையில் என்ன நடக்கும் என்று டம்ளரக்காவுக்குத் தெரியும். அதனால் வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மருந்தில் எப்படியும் கொட்டும் என்று முன்பே தலையை மழித்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

“இங்க கண்ணாடி டம்ளர், மூடியெல்லாம் போட்டு ராஜ உபசாரமா இருக்கு. நீ என்னடான்னா எவர்சில்வரைத் தூக்கிட்டு வர்ற?”

“கண்ணாடி கனமா இருக்கும் அண்ணி. கை நடுங்கினா கீழ போட்டுடுவீங்க.”

“ஓ” என்றாள் அண்ணி. அந்த எவர்சில்வரை வாங்கி, வழக்கம்போல மோந்து பார்த்தாள். “உன் வீட்டு வாசனை. இது போதும்.”

“ரெண்டு பேரும் சேந்து என் மானத்த வாங்குங்க. இவ்வளவு பெரிய ஓட்டல்ல வந்து எவர்சில்வர்ல குடிக்கிறோம்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க” என்றார் அண்ணன். அவர் அந்த அறையில் ஒவ்வொரு பொருளாகத் தடவிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

டம்ளரக்கா சிரித்துவைத்தாள். மூன்றாவது மாடியில் அவள் அன்றைக்குத் துடைத்து வைத்த டம்ளர்களில் யாருடைய அண்ணியோ மாத்திரை போட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அதைத் துரத்திக்கொண்டே மாடிப்படி இறங்கினாள்.

மருந்து ஏற்றிய மறுநாள் அண்ணிக்கு லேசாகச் சூடு கண்டது. பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் டம்ளரக்கா ஆறாவது மாடிக்கு ஓடினாள். அறைக் கதவு திறந்திருந்தது. அந்த மாடியில் வேலை பார்க்கும் பெண்பிள்ளை, மூன்று பிள்ளைக்குத் தாய், நல்ல சுபாவம், கட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“வாங்கக்கா. ஒங்க அண்ணியாமே? சார் சொன்னாரு. அதான் ஸ்பெஷலா செஞ்சிருக்கேன், பாருங்க.”

மேஜை மேல் அந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வாங்கின நாளில்கூட அது அப்படி மின்னியதில்லை. அதன் தலையில் ஒரு காகித மூடி. கண்ணாடி டம்ளரின் அளவுக்கு வெட்டிய மூடி சரியாக உட்காராததால், அதை ஓரத்தில் மடித்து அழகாகச் செருகியிருந்தாள். ‘உங்களுக்காகவே தூய்மை செய்யப்பட்டது.’

டம்ளரக்கா அதைக் கையில் எடுத்தாள்.

“எதால தொடச்ச?”

“துண்டாலதான். நீலத்தை நல்லா நாலு பீச்சு பீச்சினேன்.”

“அண்ணி துண்டா?”

“ஐயோ, அவங்க துண்டு சொதசொதன்னு கெடந்துச்சுக்கா. பக்கத்து ரூம்ல நேத்து வந்தாருல்ல, இருமிக்கிட்டே இருப்பாரே, அவரு துண்டு. மூலையெல்லாம் நல்லா காஞ்சிருந்துச்சு.”

அந்த முகத்தில் கள்ளம் இல்லை. தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு கை கூடுதலாக உதவிய திருப்திதான் இருந்தது. யாரைத் திட்டுவது? டம்ளரக்கா மூடியைப் பிய்த்துக் கசக்கினாள். குளியலறைக்குள் போய், கையளவு ஓட்டல் சோப்பை வைத்து அந்த டம்ளரைத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள், மறுபடி. மோந்து பார்த்தாள். நீல மருந்து வாடை போகவில்லை. அது தன் விரலிலிருந்துதான் வருகிறது என்று புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் ஏதாச்சும் தப்பா…?” என்று வாசலில் நின்று கேட்டாள் அந்தப் பெண்பிள்ளை.

“நீ ஒண்ணும் பண்ணல” என்றாள் இவள்.

அன்று பிற்பகல் விருந்து மண்டபத்தில் எல்லோருக்கும் கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். படித்த முகம், மெல்லிய குரல். ஊழியர்களின் மதிப்புகளும் நிறுவனத்தின் மதிப்புகளும் எவ்வளவு தூரம் பொருந்திப் போகின்றன என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். எழுத்து வேலை எதுவும் இல்லை, விளையாட்டு மாதிரிதான். ‘என் மனசும் இந்த இடமும் ஒன்று’ என்று நினைப்பவர்கள் வலப்பக்கச் சுவரோரம் நிற்க வேண்டும். ‘இல்லை’ என்பவர்கள் இடப்பக்கம். நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். “சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் கிடையாது” என்றார். வலப்பக்கச் சுவரோரம் புன்னகை சார் நின்றிருந்தார். பக்கத்து மேஜையில் டீயும் கேக்கும் வைத்திருந்தார்கள்.

சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் மொத்தமும் வலப்பக்கம் பாய்ந்தது. இடம் போதாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். “தள்ளி நில்லுப்பா, என் மதிப்பு நசுங்குது” என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

டம்ளரக்கா இடப்பக்கச் சுவருக்கு நடந்தாள். அந்தப் பெரிய மண்டபத்தில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டுக்காரி கண்ணால் வா, வா என்று சாடை காட்டினாள்.

“ஏம்மா அங்க நிக்கறீங்க? பயப்படாம சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள்.

மண்டப மேஜைகளில் வரிசையாக டம்ளர்கள், மூடியோடு. காலையில் அவற்றைத் துடைத்து வைக்க மூன்றாவது மாடிக்காரர்களைத்தான் இறக்கியிருந்தார்கள். டம்ளரக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“இதை நான்தான் தொடச்சேம்மா. ரூம்ல தரையில கெடந்த துண்டால. அதே துண்டாலதான் கக்கூஸ் மூடியையும் தொடச்சேன். இங்க எல்லா டம்ளரும் அப்படித்தான். நான் முன்ன கழுவிட்டு இருந்தேன், கழுவக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்ப கழுவறதில்ல. அதான் இங்க நிக்கறேன்.”

புன்னகை சார் மெதுவாக நடந்து வந்தார். அவர் மறுப்பார், கத்துவார், இல்லையென்றால் முகம் வெளுத்துத் தலை குனிவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். மூடியை எடுத்தார். பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினார். எல்லோரையும் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி நல்லாத்தானே இருக்கு?”

வலப்பக்கச் சுவரோரம் கைதட்டல் வெடித்தது. சிலர் விசிலடித்தார்கள்.

அந்தக் கைதட்டலில் டம்ளரக்காவுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை காலம் அவரை வேஷக்காரர் என்று நினைத்திருந்தாள். வேஷமே இல்லை. அவருக்கு நிஜமாகவே அருவருக்கவில்லை. மின்னினால் அது சுத்தம், மூடி போட்டால் அது நேர்மை, சிரித்தால் அது குடும்பம். அவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை. அவர் தொண்டை ஏறி இறங்கியதை நினைக்க நினைக்க அவளுக்குக் குமட்டியது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை அலுவலகத்து அம்மாளும் கைதட்டினார். தட்டி முடித்துவிட்டு, தன் முன்னாலிருந்த டம்ளரை ஒரு விரலால் தள்ளிவைத்து, பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

கூட்டம் முடிந்ததும் புன்னகை சார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “நீங்க நல்லா வேலை செய்யறவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம கலாச்சாரத்துக்குப் பொருந்தல.”

“ஆமா சார்” என்றாள் அவள். “பொருந்தல.”

சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராக ஆறாவது மாடிக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அண்ணி படுத்திருந்தாள். அண்ணன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, நீலம், மூடி, தான் தலையாட்டியது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அண்ணன் அதுவரை சாய்ந்திருந்த சோபாவிலிருந்து எழுந்து, அதைத் திரும்பிப் பார்த்தார், எதையோ மிதித்துவிட்டவர் மாதிரி.

“இத்தனை நாளா இது தெரிஞ்சும் எங்களை வரச் சொன்னியா?”

டம்ளரக்கா அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

“அவள விடுங்க” என்றாள் அண்ணி. “வந்த அன்னிக்கே அந்தக் கண்ணாடியை மோந்து பாத்தேன். யாரோ ஆம்பள குளிச்ச வாசனை. அதுல நான் ஒரு சொட்டும் குடிக்கல. இவளா சொல்லட்டும்னுதான் இருந்தேன்.” பிறகு இவளைப் பார்த்து, “சொல்றதுக்கு ஏண்டி இத்தனை நாளாச்சு?” என்றாள். அதில் கோபம் இருந்தது. மன்னிப்பும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று டம்ளரக்கா பின்னால் பல தடவை அளந்து பார்த்தாள், பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணனும் டம்ளரக்காவின் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவள் வீட்டுக்கு நாலு மாடி ஏற்றினார்கள். “ஊர்கோலம் நல்லா இருக்கு, மேளம்தான் இல்ல” என்று அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். பங்குக் குளியலறையை டம்ளரக்கா விழுந்து விழுந்து தேய்த்தாள். வைத்தியம் முடியும்வரை அண்ணி அங்கேதான் இருந்தாள். சூடு தணிந்தது. அந்தத் தடவை பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்தது. அதற்கு எந்த டம்ளரும் காரணமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அண்ணி போய்விட்டாள்.

அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். டம்ளரக்கா அழுது முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். வந்தவர்கள் குடித்து வைத்த டம்ளர்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கூடத்தில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி அவசரமாக வந்து, “இந்தக் கூட்டத்துல இதென்ன உக்காந்து தேச்சுக்கிட்டு? சும்மா தண்ணியில ஒரு அலசு அலசி, முந்தானையில தொடச்சுக் குடும்மா. யாரு பாக்கப் போறாங்க?” என்றாள்.

டம்ளரக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அதே வாக்கியம், அதே குரல், மூடி மட்டும்தான் இல்லை. வாயில் பழைய கசப்பு ஊறியது. குனிந்து, கையிலிருந்ததை இன்னொரு முறை தேய்த்தாள். அலசினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

கூடத்தில் கேட்டவர் மறுபடியும் தண்ணீர் கேட்டார்.

“இருங்க” என்றாள். “வர்றேன்.”